ஆளுக்கு ஒன்றரை

காலை பத்து மணிக்கு ஆன்சி கம்ப்யூட்டரைத் திறந்தபோது, நேற்று வரை 198 பேர் இருந்த கல்யாணக் கூடத்தில் 1,412 பேர் இருந்தார்கள்.

கூடம் இன்னும் கட்டப்படவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்காக, இராயபுரத்தில் ஜெயவேலின் பிளான் ஆபீஸில் படமாகத்தான் இருந்தது. அந்த ஆபீஸில் ஜெயவேல் முதலாளி, ஆன்சி மற்ற எல்லாம்.

ஒரு கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று சாஃப்ட்வேரே அட்டவணை போட்டுக் காட்டும். அறையின் பரப்பை ஓர் ஆளுக்கான இடத்தால் வகுக்கும். கூடம் என்றால் ஆளுக்கு ஒன்றரை சதுர மீட்டர், ஆபீஸ் என்றால் பத்து, கிடங்கு என்றால் முப்பது. கடைசி வரியில் மொத்தம் வரும். அந்த மொத்தம்தான் இப்போது ஆயிரத்தைத் தாண்டி நின்றது.

பதினோரு மணிக்குத் தீயணைப்பு அதிகாரி வருகிறார். நேற்றுச் சாயங்காலம் போன் செய்து, "நாளைக்குப் பதினோரு மணிக்கு உங்க ஆபீஸுக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கூடத்தின் ஃபைல் அவரிடமிருந்து ஏற்கெனவே இரண்டு தரம் திரும்பி வந்திருந்தது. "மூணாவது வாட்டி அது திரும்பி வந்துச்சுன்னா, நீ திரும்பி வராத" என்று ஜெயவேல் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஆன்சியின் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவள்தான்.

"இராயப்பரே, இன்னிக்கி ஒரு நாள் காப்பாத்து" என்று சிலுவை போட்டுக்கொண்டு படத்தைத் துழாவினாள். கூடத்தின் மூலையில் இரண்டு சுவர்கள் ஒட்டாமல் விரல் அகலத்துக்கு இடைவெளி. அந்த இடுக்கு வழியாகக் கூடம் வெளியே போய், காம்பவுண்டு சுவர் வரை பரவி, அங்கே மாதா சிலை வைத்திருந்த கெபியையும் கணக்கில் சேர்த்திருந்தது. அந்தச் சுவரை நகர்த்தியது வேறு யாருமில்லை. போன் வந்த பயத்தில், எதற்கும் ஒரு தடவை சரிபார்ப்போம் என்று உட்கார்ந்த ஆன்சிதான்.

சுவரை ஒட்டினாள். அறையை அழித்துப் புதிதாக வைத்தாள். புதிதாக வந்த அறைக்குத் தான் கூடம் என்றே தெரியவில்லை. கூடத்துக்குக் கணக்கே விழாமல், சமையலறை, ஸ்டோர், ஆபீஸ் ரூம் எல்லாம் சேர்த்து மொத்தம்: 9.

1,412 கூடப் பரவாயில்லை போலிருந்தது. ஜெயவேலுக்கு போன் போட்டாள். வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்தவர், அவள் வாய் திறப்பதற்குள் மவுஸைப் பிடுங்கி, அறை வகைகளின் பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட 'கிடங்கு' என்பதைத் தட்டினார். மொத்தம்: 19.

"பத்தொம்போது! சோக்கா கீது. எரநூறத் தாண்டுனா இன்னொரு படிக்கட்டு கேப்பானுங்கோ. அதுக்கு எடம் ஏது? மாதா கெபியத்தான் நவுத்தணும்."

"சார், கல்யாணக் கூடத்துல பத்தொம்பது பேரா? மேளக்காரங்களே அத்தனை பேர் வருவாங்களே. ஆபீசர் கேட்டா?"

"வலை போட்டு வைக்கிற கொடோனுன்னு சங்கத்துல ஒரு லெட்டர் வாங்கிட்டா?" என்று சொல்லி, ஜெயவேல் சங்கத் தலைவி சிலுவையம்மாளுக்கு போன் செய்தார்.

மீன் ஏலம் முடிந்த கையோடு சிலுவையம்மாள் வந்துவிட்டாள். எட்டுப் பெண்களையும் கூட்டி வந்தாள். மீன் வாங்கிய அன்னக்கூடைகளைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஏறினார்கள்.

"இன்னா நைனா, கொடோனா? என் பொண்ணு கண்ணாலத்த கொடோன்லயா வைக்கணும்? அறநூறு பேருன்னு போடு!"

"யக்கா, அறநூறு போட்டா மாதாவ நவுத்தணும்!"

"மாதாவ நவுத்துவியா? நவுத்திப் பாரு, அப்பால தெரியும்!"

மணி பத்து நாற்பது. கூச்சலுக்கு நடுவே ஆன்சி எப்படியோ 'கூடம்' என்பதைத் தேடித் தட்டினாள். மொத்தம்: 198. அழுகையே வந்துவிட்டது.

"எரநூறு பேர்கூட இல்லியா? எப்புடிப் பத்தும்?" என்றாள் சிலுவையம்மாள்.

பேச்சில் ஆகாது என்று ஜெயவேல் சாக்பீஸை எடுத்து, தரையில் ஒன்றுக்கு ஒன்றரை மீட்டரில் ஒரு கட்டம் போட்டார். "இது ஒத்த ஆளுக்கு. உள்ள நின்னு பாரு."

சிலுவையம்மாள் நின்றாள். கூடவே நான்கு பேர் நின்றார்கள். "இது ஒத்த ஆளுக்கா? இம்மாம் எடத்துல என் வூட்ல நாலு பேரு தூங்குறோம் நைனா!" அவள் குரலே மாறிவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "கன்னிம்மா! கீய நிக்கிறவளுங்கள எல்லாம் இட்டுகினு வா! நம்ம கூடத்துல ஆளுக்கு எவ்ளோ எடம்னு வந்து பாருங்கடி!"

மேலும் பன்னிரண்டு பேர் ஏறி வந்தார்கள். கட்டத்தில் நின்று பார்க்காமல் ஒருத்தியும் நகர மாட்டேன் என்றாள். ஆன்சி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பிரிண்டரிலிருந்து அட்டவணையை உருவினாள்.

அப்போது கீழே வலைக்கடை வைத்திருக்கும் சௌக்கத் அலியின் குரல் கேட்டது. "ஜெயவேலு! ஆபீசரு வந்துகீறாரு! படியில கால் வைக்க எடமில்ல, கூடையா கீது!"

அதிகாரி கூடைகளைத் தாண்டித் தாண்டி, கால்சட்டை முழுக்க மீன் தண்ணீரோடு வந்து சேர்ந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே காலெடுத்து வைக்க இடமில்லை. ஆன்சி தலைகளுக்கு மேலாகக் காகிதத்தை நீட்டினாள்.

"சார், நூத்தித் தொண்ணூத்தெட்டு. கரெக்டா இருக்கு சார்."

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஆட்காட்டி விரலை நீட்டி, உதடு அசைய, ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"அந்த ஃபைல்ல நேத்தே கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சும்மா" என்றார்.

ஆன்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜெயவேல் கும்பிட்டேவிட்டார். "அப்ப இங்க இன்னாத்துக்கு சார் வந்தீங்கோ?"

அதிகாரி அறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணால் அளந்தார்.

"வலைக்கடைக்கு மேல, ஒத்தைப் படிக்கட்டோட ஒரு ஆபீஸ் நடக்குதுன்னு புகார் வந்துச்சு, அதைப் பாக்க வந்தேன். அஞ்சுக்கு நாலு, இருபது சதுர மீட்டர், ஆபீஸுக்கு ஆளுக்குப் பத்து, ரெண்டே பேர் இருக்க வேண்டிய ரூம்... என்னையும் சேத்து இருபத்தி நாலு."