மூன்றாவது ஊரை ஒளித்துவைத்த பஸ்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். நலம் என்று டாக்டர்தான் சொன்னார்; அவர் சொன்னது சரிதானா என்று வேறொரு டாக்டரிடம் கேட்க இருக்கிறேன். அங்கு நீங்களும் வீட்டாரும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள். எழுதியிருக்கிறீர்கள் என்ற அளவில் சந்தோஷம்.

அடுத்த மாதம் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும்போது உங்கள் அக்காவையும் ஒரு வாரம் உடன் அழைத்துப் போகட்டுமா என்று என் சம்மதத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கும் ஆசைதான். உங்கள் கடிதம் வந்த அன்றே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்துவிட்டாள். என் முடிவைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன், எங்கள் திருமண நாளுக்கென்று நீங்கள் அனுப்பிய இரண்டு டிக்கெட்டுகள் என்னை என்ன பாடு படுத்தின என்பதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். 'ஏரிக்கரை ஊர்கள் மூன்று, படகுச் சவாரி, வழிகாட்டியுடன், ஒரே நாளில்' என்று அந்த டிக்கெட்டில் அச்சடித்திருந்தது. மூன்று என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆலை வாசலில் நின்று, வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதித்தே ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். உண்மையில் நான் பையைப் பார்க்கவே மாட்டேன், நடையைத்தான் பார்ப்பேன். சாப்பாட்டு டப்பாவுக்குள் பித்தளைத் திருகாணி வைத்திருப்பவன் டப்பாவை ஆட்டாமல் நடப்பான். அந்தக் கண்ணோடுதான் காலையில் பஸ் ஏறினேன். ஏறியதும் தொப்பி போட்ட ஒல்லியான வழிகாட்டி ஒருவன் எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, காரணமே இல்லாமல் சிரித்தான். சம்பளத்துக்குச் சிரிப்பவனை நான் நம்புவதில்லை. "எல்லாரும் வண்டி நம்பரைப் பார்த்து வச்சுக்குங்க, திரும்ப ஏறும்போது குழப்பம் வராது" என்றான். நம்பர் பலகை என்பது நாலு திருகாணி சமாச்சாரம், யாரும் கழற்றி மாட்டிவிடலாம், அதைப் போய் நான் ஏன் பார்த்து வைக்க வேண்டும்? அதற்குப் பதில் டிரைவரைப் பார்த்து வைத்துக்கொண்டேன். பிரேக்கை யார் சோதித்தது, ராத்திரி சரியாகத் தூங்கினாயா, கண்ணைக் காட்டு என்று நான் கேட்டதிலிருந்து அவன் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடையாளம் என்றால் அது அடையாளம். சீட்டில் என் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். ஜன்னலோரத்தை உங்கள் அக்காவுக்கே விட்டுக்கொடுத்தேன். வெளியே என்ன நடக்கிறது என்று கண்காணிப்பதற்காக அவள் முன்னால் தலையை நீட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான். "கொஞ்சம் தலையை எடுங்க, ஏரி தெரியலை" என்றாள். ஏரி எங்கே ஓடிப்போகிறது?

முதல் ஊரில் ஒரு மணிக்கூண்டு. அதில் கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதன் கீழே ஒரு காது கிழிந்த நாய் படுத்திருந்தது. வழிகாட்டி எங்களை அங்கே அரை நிமிஷம் நிறுத்திவிட்டு நேராக ஒரு தொப்பிக் கடைக்குள் ஓட்டிக்கொண்டு போனான். அவன் தலையில் தொப்பி, போன இடம் தொப்பிக் கடை. உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் அக்கா கோடு போட்ட தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பினாள். ஊரில் உள்ள தலையெல்லாம் போட்டுப் பார்த்த தொப்பி, கழற்று என்றேன். கழற்றி வைத்துவிட்டாள். நான் விலை மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது ஊரில் படகு. எங்கள் கூட்டத்தோடு இன்னொரு பஸ்ஸில் வந்த கூட்டத்தையும் சேர்த்து ஒரே படகில் ஏற்றினார்கள். ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கொடுத்தார்கள். படகு பத்திரமானது என்றால் இந்தச் சட்டை எதற்கு, சட்டை தேவை என்றால் இந்தப் படகு எதற்கு? இதைத்தான் மாப்பிள்ளை நான் கேட்டேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. படகோட்டி மோட்டாரைக் கிளப்பிட்டான். நான் விடுவேனா? குனிஞ்சு பலகைக்குப் பலகை விரலால அழுத்திப் பார்த்துக்கிட்டே போனேன், ஒரு அம்மா காலை எடுக்கச் சொன்னேன், அவங்க வீட்டுக்காரர் என்னை முறைச்சார், வழிகாட்டி ஓடி வந்து "சார், மலையைப் பாருங்க சார், மேகம் எப்படி இறங்கியிருக்கு பாருங்க" என்றான். ஒருத்தன் மேலே பார்க்கச் சொன்னால் கீழே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் உங்கள் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரையும் சந்தேகப்படாம இருக்க முடியாதா உங்களால? நான் ஏரியைப் பார்க்க வந்தேன், உங்களை வீட்டிலேயே பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் முன்பக்கம் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. யாருக்காக அழுத்திப் பார்த்தேன்? அவளுக்கு நீச்சல் தெரியாதே என்றுதானே?

கரைக்கு வந்ததும் மிதவைச் சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். தண்ணீர் இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது, தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போட்டபடியே நடந்தேன். வண்டிகள் நிற்கும் இடத்தில் பார்த்தால், ஒரே நீல நிறத்தில், ஒரே கம்பெனியின் பெயர் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பஸ்கள்! காலையில் ஒன்றுதானே கிளம்பியது? ஆளைக் குழப்பத்தானே இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்? குழம்புகிற ஆளா நான்? ஒரு டிரைவர் என்னைப் பார்த்து நல்லாச் சிரிச்சான். இன்னொருத்தன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கிட்டான். அவன்தான் நம்ம ஆள்னு தெரிஞ்சுக்கிட்டு ஏறிட்டேன்.

ஏறின பிறகுதான் மாப்ளே, இவங்க எவ்வளவு பெரிய கூட்டம்னு புரிஞ்சது. என் சீட்டுல எவனோ ஒரு ஆள் கால் மேல கால் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். இது என் இடம், துண்டு எங்கேன்னு கேட்டேன். "காலையிலேருந்து நான்தான் சார் இங்க இருக்கேன்"னு கண்ணை இமைக்காம சொல்றான். துண்டு போயே போச்சு. பத்து வருஷமா வச்சிருந்த துண்டு. ஒல்லி வழிகாட்டியைக் காணோம். அதே தொப்பியை ஒரு குண்டு ஆள் தலையில மாட்டி நிறுத்தியிருக்காங்க. அந்த இன்னொருத்தரை என்னய்யா பண்ணீங்கன்னு கேட்டா, "எந்த இன்னொருத்தர் சார்?" என்கிறான். அப்புறம் தலைகளை எண்ணினான். நெற்றியைச் சுருக்கினான். மறுபடி எண்ணினான். "ஒரு தலை கூடுதலா வருதே" என்று டிரைவர் காதில் முணுமுணுத்தான். எங்கள் ஆலையில் சரக்கு குறைந்தால் சின்னத் திருட்டு, கூடினால் பெரிய திருட்டு. கடைசி வரிசையில் ஒரு மூலை காலியாக இருந்தது, அங்கிருந்தே எல்லாரையும் கண்காணிக்கலாம் என்று உட்கார்ந்துகொண்டேன்.

முன்சீட்டில் உங்கள் அக்காவின் பழுப்புச் சால்வையும் கொண்டையும் தெரிந்தன. அவள் திரும்பவே இல்லை. உள்ளதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, அவள் என்னோடு பேசாமல் இருந்த அந்த மத்தியானம் எனக்குப் பிடிக்கவில்லை. பையில் இருந்த பெப்பர்மின்ட் மிட்டாய் ஒன்றை எடுத்து, "கோபம் வேண்டாம், தப்பு என்னுதுதான்னு சொல்லி அந்தச் சால்வைகிட்ட குடுங்க" என்று முன்னால் இருந்தவரிடம் நீட்டினேன். அது கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர்ந்தது. வாங்கிக்கொண்டாள். திரும்பாமலே கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். இறங்கிய பிறகும், கோபம் முழுதாக ஆறட்டும் என்று நான் பக்கத்தில் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "இதுதான் நம்முடைய மூணாவது ஊர்!" என்று அந்தக் குண்டு வழிகாட்டி கையை விரித்தான். இறங்கிப் பார்க்கிறேன்: மணிக்கூண்டு! நின்றுபோன அதே கடிகாரம்! அதன் கீழே அதே கிழிந்த காது! "ஏய், இது காலையில பார்த்த ஊர்!" என்று கத்தினேன். ஒருவருக்குமே ரோஷம் வரவில்லை. "இல்லையே சார், இப்பதானே வர்றோம்" என்கிறார்கள், சின்னக் குழந்தை முதற்கொண்டு. நாய் மட்டும் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது; அந்த ஊரிலேயே உண்மை பேசியது அது ஒன்றுதான். நான் சும்மா விடவில்லை. தொப்பிக் கடைக்காரனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து எல்லார் முன்னாலும் நிறுத்தி, "சொல்லுய்யா, நான் காலையில வந்தேனா இல்லையா?" என்று கேட்டேன். "வந்தீங்களே, விலையைக் கேட்டுட்டு வாங்காமப் போனீங்களே" என்றான். "பார்த்தீங்களா! இவங்க எல்லாரும்தானே கூட வந்தாங்க?" என்றேன். அவன் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, "இவங்க யாரும் வரலை சார்" என்றான். அந்த ஒரு நொடிக்குள் அவனையும் வளைத்துப் போட்டுவிட்டார்கள். மூன்று ஊர் என்று சொல்லி, முதல் ஊரையே பின்பக்க வழியாகக் கொண்டுவந்து மூன்றாவது என்று தலையில் கட்டுகிறார்கள். கடிகாரத்தை ஏன் ஓடவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மாலையில் காலையில் ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். நான் கடைசியாக இறங்கினேன். அதற்குள் உங்கள் அக்கா கீழே நின்றுகொண்டிருந்தாள். சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தலையில் கோடு போட்ட ஒரு தொப்பி. முகமெல்லாம் வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தது. எப்போது வாங்கினாய் என்றேன். "வழியில" என்றாள். ஒரே ஊரை இரண்டு தடவை காட்டி ஏமாற்றிவிட்டார்கள், கவனித்தாயா என்று கேட்டேன். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இந்த வாக்கியம் இதுவரை வந்ததில்லை மாப்பிள்ளை. என் கண் கலங்கிவிட்டது.

ஆகவே என் முடிவு: உங்கள் அக்காவைக் கடற்கரைக்கு அனுப்புவதற்கில்லை. ஒரு ஏரியிலேயே ஒரு ஊரை ஒளித்துவைக்கிறவர்கள் கடலில் என்ன செய்ய மாட்டார்கள்? அவள் வெள்ளை மனசுக்காரி, எதிரில் நிற்பவன் சொன்னதையெல்லாம் நம்புவாள். அதோடு, ராத்திரி கதவை நான் பூட்டினால், பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். வருத்தப்பட வேண்டாம். பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றிவிடச் சொல்கிறேன். மிதவைச் சட்டையைச் சாட்சிக்காக வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். தபால்பெட்டி வரைக்கும் இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுத்தனுப்ப எனக்குத் தைரியமில்லை. உலகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே ஆள் உங்கள் அக்காதான். அவளிடமே கொடுத்து ஒட்டிப் போடச் சொல்கிறேன்.

நீங்களும் உங்கள் மனைவி மக்களும் நோய்நொடி இல்லாமல், கைப்பொருள் களவு போகாமல், யாரிடமும் ஏமாறாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதறேன். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். படகை விட்டு இறங்கினதும் நாங்கல்லாம் நம்ம பஸ்ஸில ஏறி உட்கார்ந்துட்டோம். ஜன்னல் வழியாப் பார்க்கிறேன், இவர் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கிட்டு, விறைப்பா, பக்கத்துப் பஸ்ஸில ஏறிக்கிட்டிருக்கார். நம்ம டிரைவர்தான் பாவம், படகுத்துறையில இவர் இல்லாம நிம்மதியாச் சாப்பிட்ட சந்தோஷத்துல சிரிச்சுக்கிட்டிருந்தான். அந்தப் பஸ் மூணாவது ஊரைக் காலையிலேயே பார்த்துட்டு, முதல் ஊருக்குக் கடைசியாப் போற பஸ். கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கிட்டேன். ஒல்லித் தம்பி தலையை எண்ணினப்போ, "அவர் தெரிஞ்சவங்களோட அந்த வண்டியில வர்றார்"னு நானே சொன்னேன்.

மூணாவது ஊர் இருக்கு தம்பி. அங்கே தண்ணிக்குள்ளே படிக்கட்டு இறங்குது. காலை நனைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏரி எவ்வளவு பெரிசு தெரியுமா? காலையில பாதிக்கு மேல இவர் தலைதான் தெரிஞ்சது. தொப்பியும் அங்கேதான் வாங்கினேன். ஆனா ஒண்ணு, திரும்பி வர்றப்போ ஒரு வளைவுல தண்ணி பூரா தங்கமா மின்னுச்சு. "அங்க பாருங்க"ன்னு பக்கத்தில திரும்பினேன். சீட்டில அவர் துண்டு மட்டும் கிடந்தது. அந்த மிட்டாய் எந்த மகராசிக்குப் போச்சோ, தெரியலை. கல்யாணமான நாள்லேருந்து தப்பு என்னுதுன்னு எனக்கு ஒரு மிட்டாய் வந்ததில்லை.

ஊரார் பையையெல்லாம் சோதிச்ச மனுஷன் என் பையை ஒரு நாளும் தொட்டதில்லை. அந்தத் துண்டு அதுக்குள்ளேதான் இருக்கு. அவர்கிட்ட எதையும் சொல்லிடாதே. கண்டுபிடிச்சுட்டோம்னு ரொம்பச் சந்தோஷமா இருக்கார். பெட்டி கீழேயேதான் இருக்கு, நான் கட்டாயம் வர்றேன். அவருக்கும் ஒரு டிக்கெட் போட்டுடு. பின்னாடி வர்ற பஸ்ஸில.