ஒற்றை ஒயரும் ஓர் ஈசல் றெக்கையும்

என் சைக்கிளில் ஒயர் ஓடுவது ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. லைட் மட்டும் எரிய வேண்டும். பார்க்கிறவன் குழம்ப வேண்டும். டைனமோ வாங்கிய அன்றைக்கு நான் போட்ட சபதம் இது.

நான் பொன்னுரங்கம். துறைமுகத்துப் பட்டறையில் ஃபிட்டர். கப்பலுக்கே பைப்பு மாட்டுகிற கைக்கு ஒரு சைக்கிள் எம்மாத்திரம்? பின் சக்கரத்துப் பக்கம் இரும்புப் பட்டை வைத்து டைனமோவைப் பூட்டினேன். ஹாண்டில் பாரில் இன்னொரு பட்டையால் விளக்கைப் பூட்டினேன். நடுவே ஒயரை இழுத்து, ஃபிரேமோடு ஃபிரேமாகக் கறுப்பு டேப்பு சுற்றினேன். காலையில் ராயபுரமே பார்த்து வியந்தது. மத்தியான வெயிலில் டேப்பின் பிசின் உருகியது. சாயந்திரம் கல்மண்டபத்தில் ஒயர் பெடலில் மாட்டி, ஒரு மீன் கூடைக்குள் நான் குப்புற விழுந்ததையும் ராயபுரமே பார்த்தது.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கன்னியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சைக்கிளைச் சுற்றி வந்தாள்.

“இன்னாய்யா இது, ஓணான் வாலாட்டம் தொங்குது?”

“டேப்பு சரியில்லமே.”

“டேப்பு இன்னாத்துக்கு? நகரு.”

அவள் காசிமேட்டுக்காரி. பிறந்த வீட்டில் எல்லோரும் வலை முடிகிறவர்கள். வலை நூலை எடுத்து வந்தாள். சாணுக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் மிளகு அளவு. ஒயர் ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. சபதம் என்னுடையது, முடித்தது அவள்.

முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஒரு சந்தேகம்யா. ஒத்த ஒயருதானே கீது? இந்த வழியா கரண்டு போவுது, சரி. போன கரண்டு எந்த வழியா திரும்பி வரும்?”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டறையில் என்னை யாரும் இப்படி மதித்துக் கேட்டதில்லை. ஸ்பானரைக் கோல் மாதிரி பிடித்துக்கொண்டு பாடம் எடுத்தேன்.

“இந்த ஃபிரேமு கீது பாரு, இதான் இன்னொரு ஒயரு. லைட்டு பட்டை வழியா இரும்புல எறங்கும். அப்டியே ஓடிப்போயி டைனமோ பட்டை வழியா மேல ஏறிடும்.”

“அப்ப ரெண்டு வாசலு?”

“கரீட்டு.”

“ஒரு வாசல மூடிட்டா?”

“கரண்டு நடுரோட்டுல நின்னுடும். லைட்டு எரியாது.”

“அடேயப்பா!” என்றாள். “எந்தப் பட்டைய எந்த ஸ்பானரால கழட்டுவ?”

அதையும் காட்டிக் கொடுத்தேன். ஆர்வமாகக் கேட்கிறாளே!

அவள் கேட்ட அந்தக் கேள்வியில்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு வாசலை மூடினால் என்ன?

விஷயம் இதுதான். கன்னியம்மாவுக்கு வரதன் என்று ஒரு தம்பி. சனிக்கிழமை சாயந்திரமானால் வாசலில் வந்து நிற்பான். “மாமு, சைக்கிளு குடு. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்” என்பான். திரும்பி வரும்போது சைக்கிளில் மீன் செதிள் ஒட்டியிருக்கும், காற்று இருக்காது. எனக்கோ அதே சனிக்கிழமை சாயந்திரம்தான் திருவொற்றியூரில் அத்தாவுல்லா வீட்டில் கேரம். எங்கள் செட்டுக்கு நான்தான் கேப்டன். வாரம் முழுக்க நான் உயிரோடு இருப்பதே அதற்காகத்தான். இதுவரை, “லைட்டு இல்ல, போலீஸ்காரன் புடிச்சுப்பான்” என்று சொல்லி வரதனை விரட்டிக்கொண்டிருந்தேன். இப்போது லைட் வந்துவிட்டதே!

ஆகவே பழைய டியூபில் ஒரு துண்டு ரப்பரை வெட்டி, விளக்குப் பட்டைக்கு உள்ளே செருகிவிட்டேன். வெளியே ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை வரதன் வந்தான். சக்கரத்தைச் சுற்றினான். விளக்கு எரியவில்லை.

“இன்னா மாமு, புது லைட்டு பேஜாரு பண்ணுது?”

“கலீஜ் சரக்குடா வரதா. ஏமாத்திப்புட்டான். எரியாத லைட்டோட போனா போலீஸ்காரன் உன்ன உள்ள தள்ளிடுவான்.”

“அப்ப நீ மட்டும் எப்டிய்யா திருவொத்தியூரு போவ?” என்று கேட்டாள் கன்னியம்மா.

“வெளிச்சத்துல போயிடுவேன். வரும்போது தள்ளிகினே வந்துட வேண்டியதுதான். இன்னா பண்றது, தலையெழுத்து.”

தெருமுனை தாண்டியதும் ரப்பரை உருவினேன். இருட்டியதும் லைட் ஜொலித்தது. திரும்பும்போது அதே தெருமுனையில் ரப்பரைச் செருகி, கடைசிப் பத்தடி மட்டும் நொண்டிக்கொண்டே தள்ளி வந்தேன்.

“ஐயோ பாவம், அவ்ளோ தூரம் நடந்தியா?” என்று வெந்நீர் வைத்தாள். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். மகாராஜாவாகக் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். அடுத்த வாரமும் எண்ணெய். அதற்கடுத்த வாரமும் எண்ணெய். கேரத்தைவிட எண்ணெய்க்காகவே போகலாம் போலிருந்தது.

இடையில் ஒரு சனிக்கிழமை மழை பெய்து விட்ட மறுநாள், கன்னியம்மா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விளக்குக் கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதன் விளிம்பிலிருந்து எதையோ விரல் நுனியால் ஒற்றி எடுத்தாள்.

“இன்னாமே அது?”

“ஒண்ணுமில்ல, தூசு” என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு நான் அன்றைக்கே ஊரைவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கேரம் ஃபைனல். தெருமுனையில் ரப்பரை உருவினேன். ஏறி மிதித்தேன். வானம் கறுத்துக்கொண்டு சீக்கிரமே இருட்டிவிட்டது. டைனமோவைத் தட்டினேன். சக்கரத்தோடு அது கிர்ரென்று சுற்றியது. விளக்கு எரியவில்லை.

பல்பைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. டைனமோவின் தலையில் தட்டினேன். கெஞ்சினேன். திட்டினேன். எரியவில்லை. ஒரு ஃபிட்டருக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? ஏன் எரியவில்லை என்று தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ஒயர்தான் எங்கோ அறுந்திருக்க வேண்டும்! பேனாக்கத்தியை எடுத்தேன். கன்னியம்மாவின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். ஒயரை முழுசாக உருவி விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

“இன்னா பண்ணிகினு கீற?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். போலீஸ்காரர்.

“லைட்டு ரிப்பேருங்க.”

“ஏறினா கேஸு. தள்ளிகினு போ.”

ஃபைனல் போயிற்று. ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளினேன். இந்தத் தடவை நிஜமாகவே நொண்டினேன்.

கன்னியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் காலைப் பார்க்கவில்லை. அறுத்த முடிச்சுகளைப் பார்த்தாள்.

“எரியாத லைட்டுதானேய்யா? அதுக்கு ஏன் முடிச்ச அறுத்து ஒயர உருவிப் பார்த்த?”

ஒயரை அவசரமாகத் தோளிலிருந்து இறக்கினேன்.

“அது... வந்து... திடீர்னு எரியல...”

“எப்பவுமே எரியலன்னியே?” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் ஓர் ஈசல் றெக்கை. “லைட்டு கண்ணாடில ஒட்டிகினு இருந்துச்சு. எரியாத லைட்டுக்கு ஈசல் ஏன்யா வருது? அப்பவே சந்தேகம். லைட்டு பட்டைய கழட்டிப் பார்த்தேன், ரப்பரு.”

“அத நான் உருவிட்டேனேமே! அப்புறம் ஏன் எரியல?”

குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம் என்ற நினைப்புகூட எனக்கு இல்லை. காரணம் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

ஸ்பானரை எடுத்தாள். டைனமோ பட்டையைத் தளர்த்தினாள். உள்ளேயிருந்து ஒரு துண்டு ரப்பரை உருவி என் கையில் வைத்தாள். அதே பழைய டியூபு.

“நீ ஒரு வாசல மூடின. நான் இன்னொண்ண மூடினேன். ரெண்டு வாசலுன்னு நீதானேய்யா சொல்லிக் குடுத்த?”

வெந்நீர் இல்லை. எண்ணெய் இல்லை. மறுநாள் புது நூலில் முடிச்சுப் போட்டு ஒயரை முன்னைவிட நேர்த்தியாகக் கட்டினாள். நான் நூலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமைகளில் சைக்கிள் வரதனுக்கு என்று தீர்ப்பாயிற்று.

போகட்டும், சைக்கிள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நேற்று அத்தாவுல்லாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். என்னைக் கட்டிக்கொண்டு, “உன் மச்சான் உன் சைக்கிள்ல வந்து பிரமாதமா கேரம் ஆடறாம்பா, இனிமே அவன்தான் நம்ம செட்டுக்குக் கேப்டன்” என்றான்.