டமார் பாயின் சைலன்ஸர்

மதுரை ஜில்லாச் சாலைகளில் அதிகச் சத்தம் போட்ட ஜீவன் டமார் பாய்தான். அவருடைய பஸ்ஸுக்கு இரண்டாமிடம்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. யுத்தத்துக்கு முந்திய அந்நாளில் சோழவந்தானிலிருந்து மதுரைப் பள்ளிக்கூட வேலைக்கு அவர் பஸ்ஸில்தான் போவேன். பதினாறு பேருக்கான வண்டியில் என்னோடு முப்பத்தொரு பேர், நாற்பது வெற்றிலைக் கட்டு, இரண்டு ஆடு, எண்ணியிருக்கிறேன். சைலன்ஸரைக் கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டார். வழியெல்லாம் பீரங்கி முழங்கும். நான் இரு காதிலும் பஞ்சடைத்துக்கொண்டு, நாகரிகம் வளர்வதைக் கவனிப்பேன்.

"அதை மாட்டினால்தான் என்ன, பாய்?"

"கொடிக்கால்ல வெத்தலை கிள்ளுறவுகளுக்கு எப்படித் தெரியும் சார்? சத்தம் கேட்டுத்தானே கட்டைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடியாராக!"

"ஆரன் அடியுமேன்."

"அதை எல்லாப் பயலும் அடிக்கிறான். இது நம்ம சத்தம்ல!"

ஒருநாள் சமயநல்லூரில் மோட்டார் இன்ஸ்பெக்டர் மறித்துச் சட்டத்தை வாசித்தார். ஒருவர் காதிலும் விழவில்லை. என்ஜினை நிறுத்தச் சொல்லி மறுபடி வாசித்தார். புகைக்குழாய் வழியே வீண் சத்தம் கூடாது; இன்னொரு முறை கேட்டால் பெர்மிட் ரத்து. பாய்க்கு இருந்தது அந்த ஒரே பெர்மிட். அதை நம்பி வீட்டில் எட்டு வயிறு.

மறுநாள் சைலன்ஸர் ஏறியது. பஸ் பூனைபோல் போயிற்று. கொடிக்காலில் ஒரு தலையும் நிமிரவில்லை. மதுரை போய்ச் சேர்ந்தவை மூன்று கட்டு. சட்டம் வென்றது, வெற்றிலை வாடியது.

"நாளைக்கும் இப்படின்னா மாட்டுவண்டியே போதும் பாய்" என்றார்கள் கொடிக்கால்காரர்கள்.

அடுத்த நாள் கொடிக்கால் ஓரம் வந்ததும், பாய் தலையை வெளியே நீட்டி வாயாலேயே முழங்கினார்: "டம டம டம டமார்!" கட்டுகள் ஓடிவந்தன.

இன்ஸ்பெக்டரும் வந்தார். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். சைலன்ஸர் சமர்த்தாக இருந்தது.

"பின்னே எங்கேயிருந்துய்யா சத்தம்?"

"தொண்டையிலேருந்துங்க ஐயா. இதுக்கும் ஒண்ணு மாட்டணுமா?"

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை இருமுறை புரட்டினார். மனிதத் தொண்டையைப் பற்றிச் சர்க்கார் யோசிக்கவே இல்லை.

மாசிப் பனியில் பாய்க்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கொடிக்கால் நெருங்கியதும் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அப்படி அவர் பார்த்து நான் கண்டதில்லை.

பின்னாலிருந்த வெற்றிலைக்காரர் ஒருவர், "மாப்ள, நம்ம போடுவோம்டா!" என்றார். வண்டியே முழங்கியது.

வழக்கம்போல் எண்ணினேன். முப்பது வாய்தான். ஒன்று குறைந்தது.

பஞ்சை எடுத்து வெளியே எறிந்துவிட்டு வாயைத் திறந்தேன்.