வாய்க்கு வந்த சொல்

"மாப்பிள்ளைக்கு மோரா, காப்பியா?" என்று பெண்ணின் தாயார் ஞானம்பாள் கேட்டாள். சித்திரை வெயிலில் பஸ்ஸில் வெந்து ஏரல் வந்து இறங்கிய செந்தூர்பாண்டிக்கு மோர்தான் வேண்டும். ஆனால் 'ம'வில் ஆரம்பிக்கிற சொல் அவனுக்கு ஆகாது. 'ப'வும் அப்படித்தான். உதடு ஒட்டினால் ஒட்டினதுதான், லேசில் பிரியாது.

"காப்பி" என்றான். கொதிக்கக் கொதிக்க வந்தது.

வராத சொல்லை விட்டுவிட்டு வருகிற சொல்லைப் பிடித்துக்கொள்வது திக்குவாய்க்காரனின் வித்தை. விவரம் தெரிந்த நாளாக அவன் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. மிக்சர் கேட்க முடியாமல் சேவு தின்றே வளர்ந்தவன். தாய்மாமனையே "ஏங்க" என்றுதான் கூப்பிடுவான்.

இதற்கு முன் பார்த்த இடத்திலெல்லாம் அவன் வாயைத் திறந்ததும் ஜாதகத்தில் ஏதாவது ஒரு பொருத்தம் குறைந்துபோனது. இந்தத் தனலட்சுமியை விட மட்டும் அவனுக்கு மனசில்லை. அவள் போட்டோ வந்த நாளிலிருந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான்.

"லே, நிக்கித சொல்லுப் பக்கமே போகாத. வாயில வாரத மட்டும் பேசு" என்று மாமா சங்கிலிபூதத்தான் பஸ்ஸிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வந்ததும் கையிலிருந்த கோரைப்பாயை நீட்டி, "எங்க ஊருப் பாயி" என்று பெருமையாகக் கொடுத்தார்.

துணி போர்த்திய டிவிக்குப் பக்கத்தில் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை. ஒரு வார்த்தை பேசவில்லை. தனலட்சுமி கதவோரம் நின்று செந்தூர்பாண்டியின் வாயையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கன வேல பாக்கீய?" என்றாள் ஞானம்பாள்.

மின்வாரியம். உதடு ஒட்டியது.

"ரயில்வே."

மாமாவுக்குப் புரையேறியது.

"தரகர் மின்வாரியம்னுல்லா சொன்னாரு?"

"அது... கரண்டு ரயிலு வரப்போகுதுல்லா, அதுக்குத்தான்" என்றார் மாமா.

"சொந்த ஊரு?"

பத்தமடை. அதுவும் வருவேனா என்றது.

"தென்காசி."

ஞானம்பாள் பாயைப் பார்த்தாள். "தென்காசியில எப்பம்லருந்து பாய் பின்னுதாவ?"

"இப்பம்தான் ஆரம்பிச்சிருக்காவ" என்றார் மாமா, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"அப்பா பேரு என்ன?"

பிச்சைக்கண்ணு. செத்தும் அந்த மனுஷன் மகன் வாயில் வரமாட்டேன் என்றார்.

"சுடலையாண்டி" என்றான். அது அவன் குடியிருக்கும் வீட்டுக்காரர் பெயர். சொந்த அத்தான் கண்ணெதிரே மாறிப்போனதைப் பார்த்து மாமா தலையில் கை வைத்தார்.

செந்தூர்பாண்டிக்கோ பெருமை தாங்கவில்லை. ஆயுசில் இவ்வளவு சரளமாக அவன் பேசியதே இல்லை. சொன்னது அத்தனையும் பொய் என்பது அந்த நேரத்தில் பெரிய குறையாகத் தெரியவில்லை.

ஆனால் அவன் பேசப் பேசத் தனலட்சுமியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள். எங்கே பிசகியது? ஒரு சொல்கூட நிற்கவில்லையே.

அவள் போனதைப் பார்த்து அப்பா எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மாமா பக்கத்தில் வந்து நின்று, அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அ... அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. எ... எம் பேச்சக் கேட்டுச் சிரிக்காத மாப்பிள்ளதான் வேணும்னு ம... மவ ஒத்தக் கால்ல நிக்கா, தரகரும் தி... திக்குத மாப்பிள்ளன்னு சொல்லித்தான் வரச் சொன்னாரு, நீங்க வீ... வீடு மாறி வந்துட்டிய போல."