துரைராஜா மாஸ்டரின் வானொலி நிலையம்

கால் நேராகும் வரை ஒரு மனிதர் முகத்திலும் விழிப்பதில்லை என்று துரைராஜா மாஸ்டர் சபதம் எடுத்தார். கால் முறிந்ததுகூட அவருக்கு அவ்வளவு நோகவில்லை. எந்த மரத்திலிருந்து விழுந்தார் என்பதுதான் நொந்தது. மனைவி நேசமலர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, தொட்டால் முறியும் முருங்கையில் ஏறி விழுந்தவர். மானிப்பாய்ப் பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் புவியீர்ப்பு விசை படிப்பித்த மனுஷன்! பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "முருங்கையிலையோ ஏறினனீங்கள், மாஸ்டர்?" என்று கேட்டால் மானம் என்னாவது? போதகரைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பினார்.

மாவுக்கட்டு வெட்டிய பிறகும் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவில்லை. நடக்காவிட்டால் கால் விறைத்துப்போகும் என்று டொக்டர் சொன்னது நேசமலரின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

அப்போது சண்டையால் ஊரில் கரண்ட் போய் இரண்டு வருஷம். பற்றரி கண்ணால் காணக் கிடையாது. சனம் சைக்கிள் சில்லைச் சுற்றி, டைனமோவில்தான் செய்தி கேட்டது. ஒரு பின்னேரம் நேசமலர் அவருடைய சைக்கிளைக் கதிரைக்குப் பக்கத்தில் தலைகீழாக நிறுத்தி, ரேடியோவைக் கொழுவினாள்.

"இஞ்சருங்கோ, முன்வீட்டுச் சண்முகநாதனுக்குக் கை முறிஞ்சு கழுத்திலை தொங்குது. சில்லுச் சுத்த ஏலாதாம். செய்தி கேளாமல் வாடிப்போச்சுது, பாவம்."

"கை முறிஞ்சதுக்கே இந்த வாட்டமோ? வரச்சொல்லும். நான் தைரியம் சொல்லுறன்."

சண்முகநாதன் வந்தார்.

"கவலைப்படாதையும். உமக்கு என்ரை கை இருக்கு."

"உங்களுக்கு என்ரை கால் இருக்கு, மாஸ்டர்."

பிறகென்ன? மாஸ்டர் சுற்ற, ரேடியோ கதைத்தது. நாளடைவில் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த சனம் முழுவதும் வந்து குந்தியது. முக்கியமான இடங்களில் சுற்றுவதை நிறுத்தி மாஸ்டர் விளக்கம் சொல்வார். ரேடியோவில் மந்திரி பாதி வசனத்தில் வாயடைத்து நிற்பார். முருங்கையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சோறும் ஒரு அகப்பை கூடுதலாக இறங்கியது.

"நானில்லாட்டி இந்த ஒழுங்கை உலகமறியாமல் கிடக்கும், நேசம்."

"ஓம், பின்னை?"

ஒருநாள் ஒருவரும் வரவில்லை.

"சண்முகநாதனுக்குக் காய்ச்சலாம். எல்லாரும் அங்கை போயிட்டினம்" என்றாள் நேசமலர். "நீங்கள் பேசாமல் இருங்கோ. உங்களுக்கு ஏலாது."

"ஆருக்கு ஏலாது? அந்த ஊன்றுகோலை எடும்! என்னை நம்பியிருக்கிற மனுஷன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினார். ஒழுங்கையைக் கடந்தார். நடந்துவிட்டேனே என்று அவருக்கே கண் கலங்கியது. முன்வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினால், உள்ளே ரேடியோ கணீரென்று செய்தி வாசிக்கிறது! சண்முகநாதன் பாயில் இழுத்துப் போர்த்துக் கிடந்தார். அவர் மனைவி பராசக்தி சில்லுச் சுற்ற, ஒழுங்கைச் சனம் ஒரு விளக்கமும் இல்லாமல் சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஐயோ, மாஸ்டர் நடந்து வந்திட்டார்!" என்று பராசக்தி துள்ளி எழும்பினாள். "நேசமக்கா, இனி எங்கடை ரேடியோவை ஒளிச்சு வைக்கத் தேவையில்லைத்தானே?"

மாஸ்டர் திரும்பினார். பின்னால் நேசமலர் ஒரு கதிரையோடு நின்றாள். முகமெல்லாம் பெருமை. அவரைப் பக்குவமாக இருத்திவிட்டுப் பாயைப் பார்த்துச் சொன்னாள்:

"சண்முகநாதன், காய்ச்சல் போதும். எழும்பும்."