மூன்றாம் எண் சுரங்கத்தில் திக்காத ரயில்

ஒரு காட்டில், யாரோ எப்போதோ கட்டி, யாரோ எப்போதோ மறந்துபோன ஒரு கண்காணிப்புக் கோபுரம் இருந்தது. கோபுரத்தின் தலையில் ஒரு சோலார் தகடு. தகட்டிலிருந்து இறங்கும் ஒயரின் நுனியில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். காடு முழுவதற்கும் அது ஒன்றுதான்.

அதே காட்டில் ஒரு கரிச்சான் குருவி வாழ்ந்துவந்தது. கறுப்பு நிறம், பிளந்த வால். பருந்து மாதிரி கத்தும், பூனை மாதிரி கத்தும், பக்கத்து மரத்துச் சித்தப்பா மாதிரி இருமும். சொந்தக் குரல் எது என்று கேட்டால் பெற்ற தாயே கொஞ்சம் யோசிப்பாள். அறிவு குறைவு, வாய் அதிகம். இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தக் குருவி நான்தான்.

அப்போது எங்கள் காட்டில் எல்லாருக்கும் ரயில் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பைத்தியம். நிஜ ரயில் மலைக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது; சத்தம் மட்டும்தான் இந்தப் பக்கம் வரும். ஏறிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சுற்றுலா ஜீப்புகள் வந்துபோகிற காடு என்பதால் லேப்டாப்புக்குப் பஞ்சமில்லை. பறித்துவருவது கருமந்தி கோமேதகம். நல்லதைத் தான் வைத்துக்கொள்ளும், சுமாரானதைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும், ஆகாததைக் கிளையிலிருந்து கீழே போடும். கீழே விழுந்தது என்னுடையது.

அதை பிளக்கிலிருந்து பிடுங்கினால் ஏழு நிமிடம் உயிரோடு இருக்கும். எட்டாவது நிமிடம் அது தாம்பாளம். ஆனால் பிளக்குக்கோ தினமும் அடிதடி. கடைசியில் கோபுரத்துச் செயலாளர் முள்ளம்பன்றி செண்பகவல்லி அம்மா ஒரு அறிவிப்பு ஒட்டினார்:

'இருபது நிமிடத்துக்குள், படம் திக்காமல், ரயிலை அடுத்த ஸ்டேஷனில் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு ஓராண்டு காலம் பிளக் பாயிண்ட் சொந்தம். விண்ணப்பம் மூன்று பிரதிகளில்.'

படம் திக்கக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. திரையில் படம் விட்டுவிட்டு ஓடினால் அம்மாவுக்குத் தலை சுற்றும். தலை சுற்றினால் முள் சிலிர்க்கும். அதற்கப்புறம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

எனக்கு பிளக் வேண்டும். கோமேதகம் ஜெயித்தால் ஒரு வருஷத்துக்கு நான் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு பூச்சி பரிமாற வேண்டியதுதான். அதனால் கோமேதகம் மதியம் குறட்டை விடும் நேரமாகப் பார்த்துத் திருட்டு சார்ஜ் போட்டு, செட்டிங்ஸில் இறங்கினேன்.

முதல் நாள் விளையாட்டைத் திறந்தபோது திரையின் ஓரத்தில் ஒரு எண் தெரிந்தது: நான்கு. வினாடிக்கு நான்கு படம். அறுபது வந்தால்தான் வழவழவென்று ஓடும். நான்கில் என் ரயில் கல்யாண ஆல்பம் மாதிரி போனது. ஒரு படம், பக்கத்தைப் புரட்டு, இன்னொரு படம்.

பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த காட்டுமாடு மாசாணம் மாமா சொன்னார், "நிழலை எடுத்துப் பாருடா. நிழல்ல யாரு படுக்கப்போறா, கம்ப்யூட்டர்ல?"

நிழலை எடுத்தேன். ஏழு.

"மழை?"

எடுத்தேன். ஒன்பது. தண்ணீரில் தெரியும் பிம்பத்தை எடுத்தேன், பதினொன்று. பிளாட்பாரத்து ஜனங்களைக் குறைத்தேன். அரைகுறையாகக் குறைந்து, எல்லா ஸ்டேஷனிலும் ஒரே மஞ்சள் சட்டைக்காரர் நின்று என்னையே முறைத்தார். அவரையும் எடுத்தேன். பதினைந்து.

"மரம் எடுக்கவா மாமா?"

மாமா அசைபோடுவதை நிறுத்தினார். "டேய், மரத்தையா?"

"கம்ப்யூட்டர் மரம்தான் மாமா."

"அதுவும் மரந்தானேடா. நீ உக்காந்திருக்கிறது என்ன, லைட் கம்பமா?"

காட்டில் பிறந்து, காட்டில் வளர்ந்து, மரங்களின் அடர்த்தியைப் பூஜ்யத்தில் வைத்த முதல் பறவை நான்தான். வைத்தேன். இருபத்திரண்டு. பிறகு ரெசல்யூஷனைக் கடைசிவரை இறக்கினேன். ரயில் வெல்லக்கட்டி அடுக்கியது போல ஆனது. இருபத்தேழு. ஒவ்வொரு முறையும் ரயிலை நாலு அடி நகர்த்துவேன், ஓரத்து எண்ணைப் பார்ப்பேன், திருப்தி வராது, மறுபடி செட்டிங்ஸுக்கு ஓடுவேன். இப்படிப் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளும் ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டவில்லை. மாமா மட்டும் தினமும் கேட்பார்: "எப்படா கிளம்பும்? எனக்கு ஜன்னலோரமா ஒரே ஒரு தடவை போகணும்டா."

பதின்மூன்றாம் நாள் கால் தவறி ஏதோ பொத்தானை மிதித்துவிட்டேன். ரயில் போய் ஒரு சுரங்கத்துக்குள் உட்கார்ந்தது. திரை முழுக்க இருட்டு. ஓரத்தில் மட்டும் பளிச்சென்று: அறுபது.

நான் கத்திய கத்தலில் மாமா எழுந்து நின்றுவிட்டார். வரைவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் ஏன் திக்கப்போகிறது? பன்னிரண்டு நாள் மூளைக்கு எட்டாதது ஒரு காலுக்கு எட்டியது. விண்ணப்பத்தில் 'புறப்படும் இடம்' என்ற கட்டத்தில் 'சுரங்கம் எண் மூன்று' என்று எழுதிக் கொடுத்தேன். செண்பகவல்லி அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"சுரங்கத்திலேருந்தா கிளம்பப்போற?"

"விதியில தடை இருக்காம்மா?"

மூன்று பிரதியையும் புரட்டினார். "இல்ல," என்று முத்திரை குத்தினார்.

போட்டி நாள் காலை, கோபுரத்தில் நிற்க இடமில்லை. முதலில் கோமேதகம். நிழல் உச்சம், மழை உச்சம், மரம் உச்சம், எல்லாம் உச்சம். குறைப்பது கௌரவக் குறைச்சலாம். ஒரு இலையில் பனித்துளி, பனித்துளிக்குள் ரயில், ரயில் ஜன்னலில் மறுபடி அந்த இலை. பார்க்க அத்தனை அழகு. ஆனால் வண்டி?

"அண்ணே, நின்னுடுச்சா?" என்றேன்.

"நிக்கலடா. ரசிச்சுக்கிட்டுப் போகுது."

திரை ஒரு வெட்டு வெட்டியது. செண்பகவல்லி அம்மாவின் முதுகில் நாலு முள் எழுந்தது. இன்னொரு வெட்டு. பதினாறு முள். மூன்றாவது வெட்டில் ஒன்று கழன்று போய் மாசாணம் மாமாவின் பின்புறத்தில் நின்றது. இருபது நிமிடம் முடிந்தபோது கோமேதகத்தின் ரயில் சிக்னலையே தாண்டவில்லை. லேப்டாப்பிலிருந்து தோசை கருகுகிற வாசனை.

"தகுதியிழப்பு," என்றார் அம்மா, முள்ளைத் திரும்ப வாங்கிக்கொண்டே. "அடுத்து!"

என் திட்டம் நேர்மையானதுதான். நம்புங்கள். சுரங்கத்துக்குள் வழவழவென்று ஓட்டுவது. அந்தப் பக்கம் வெளியே வந்தால் நூறடியில் ஸ்டேஷன். அந்த நூறடிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிடுவது. திரை இருட்டு, எண் அறுபது. லீவரைத் தள்ளினேன். ரயில் நகர்ந்தது. எண் நாற்பத்தொன்றாக விழுந்தது. திரை ஒரு வெட்டு. என் காதுக்குப் பின்னால் சரசரவென்று முள் எழும் சத்தம்.

பிரேக்கைப் பிடித்தேன். ரயில் நின்றது. எண் அறுபது.

நின்றால் அறுபது, நகர்ந்தால் முள். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் வாய்க்குத் தெரிந்திருந்தது.

"பாஆஆங்ங்ங்!"

எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டேன்.

தடக் தடக், தடக் தடக். வேகம் எடுத்தேன். பிறகு, பன்னிரண்டு நாள் விளையாட்டுப் பிளாட்பாரத்தில் கேட்டுப் பழகிய தகரக் குரலில், "டீ, டீ, சூடா டீ! சார் டீ?" அடுத்து கனத்த தொண்டையில், "சார், கொஞ்சம் நகந்து உக்காருங்க. மூணு பேர் சீட்டு, இப்படிப் பரத்திக்கிட்டா எப்படி?" கோபுரத்தில் எல்லாரும் ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது. நான்தான். அம்மா தாலாட்டினாள். அதுவும் நான்தான்.

மாசாணம் மாமா தயங்கித் தயங்கித் திரையைப் பார்த்துக் கேட்டார், "ஜன்னலோரம் காலியா இருக்குங்களா?"

கனத்த தொண்டை சொன்னது, "வாங்க தம்பி, உக்காருங்க. நான் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுவேன்."

மாமா கோபுர ஜன்னலுக்கு வெளியே முழுத் தலையையும் கொம்போடு நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். "என்னா காத்துடா!" என்றார். காற்று எதுவும் இல்லை.

கோமேதகம் மட்டும் விடவில்லை. "ஏம்மா, ஒரே இருட்டா இருக்கு!"

"சுரங்கம்னா இருட்டாத்தான் இருக்கும்," என்றார் செண்பகவல்லி அம்மா. அவருடைய முள் அத்தனையும் எண்ணெய் தேய்த்து வாரினது மாதிரி படிந்திருந்தது.

"இவ்ளோ நீளச் சுரங்கமா? வண்டி நகருதான்னு யாராவது…"

நான் தொண்டையை மாற்றினேன். "டிக்கெட். டிக்கெட் எடுத்து வைங்க."

செண்பகவல்லி அம்மா மூன்று பிரதியையும் எடுத்து நீட்டினார்.

"அங்க யாரு? நீங்கதான், கறுப்பு மூஞ்சி. டிக்கெட்?"

கோமேதகம் இடுப்பைத் தடவியது. வாலடியைத் தடவியது. பிறகு ஒரே தாவலில் உத்தரத்தில் ஏறி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, குறட்டை விட ஆரம்பித்தது.

பதினெட்டாவது நிமிடம் தொண்டை வறண்டது. ஒரு பெண்குரலை எடுத்தேன், மூக்கால் கொஞ்சம்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! வண்டி இப்போது ஒன்றாவது நடைமேடைக்கு வந்து சேர்ந்துள்ளது."

அவ்வளவுதான். "தள்ளுங்க, தள்ளுங்க", "இறங்க விட்டுட்டு ஏறுங்கப்பா", "ஐயோ என் பை!" என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கோபுரப் படியில் இறங்கி ஓடினார்கள். யார் கையிலும் பை கிடையாது. செண்பகவல்லி அம்மா இறங்குகிற அவசரத்தில் முத்திரை குத்தினார்: 'இரண்டு நிமிடம் முன்னதாக வந்தது.' கோமேதகம் எல்லாரும் போன பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பின்பக்கமாகக் குதித்து ஓடியது.

கீழே மாசாணம் மாமா மட்டும் சுற்றுமுற்றும் பார்த்தபடி நின்றார். கண்ணில் தண்ணீர்.

"எந்த ஊருடா இது? நம்ம காடு மாதிரியே இருக்கே!"

"எல்லா ஊரும் அப்படித்தான் மாமா இருக்கும்," என்றேன். வேறு என்ன சொல்ல?

பிளக் எனக்கு வந்தது. லேப்டாப்பில் நூறு சதவீதம் சார்ஜ் ஏறியது. மறுநாளே காடு முழுக்க என்னிடம் செட்டிங்ஸ் கேட்டு வரிசை. வந்தவர்களுக்கெல்லாம் சார்ஜும் போட்டுக்கொள்ள விட்டு, நான் பெருமையாக எழுதிக் கொடுத்தேன்: நிழல் இல்லை, மரம் இல்லை, மனிதர் இல்லை, சுரங்கம் எண் மூன்று, பிரேக். எல்லாப் பொந்திலும் எல்லாத் திரையும் கறுப்பானது. அன்று மாலையே புகார்.

"நீ சொன்னபடியே வெச்சோம்டா. வழவழன்னுதான் இருக்கு. போகத்தான் மாட்டேங்குது."

அதனால் நான் பொந்து பொந்தாகப் போக வேண்டியதாயிற்று. காலை ஆறு பத்துக்குப் பாசஞ்சர், எட்டு மணிக்கு எக்ஸ்பிரஸ், மதியம் கீரிப்பிள்ளைகளுக்குத் தனி வண்டி. சொந்த லேப்டாப்பைத் திறக்க நேரமில்லை. மூன்றாவது வாரம் தொண்டை கட்டியது. டீக்காரர் 'டீ… ட்டீ…' என்று திக்கினார். உடனே செயலாளரிடமிருந்து கடிதம்: 'குரல் விட்டுவிட்டு வருகிறது. தலை சுற்றுகிறது. செட்டிங்ஸைக் குறைக்கவும்.'

குறைத்தேன். முதலில் குழந்தையை எடுத்தேன். கொஞ்சம் பரவாயில்லை. டீக்காரரை எடுத்தேன். பிறகு தாலாட்டு, டிக்கெட் பரிசோதகர், கனத்த தொண்டை. தடக் தடக்கில் இரண்டாவது தடக்கை எடுத்தேன். கடைசியில் ஹாரனையும் எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பிறந்ததிலிருந்து வாயை மூடிய முதல் நாள் அது. என் அம்மா பயந்துபோய் வைத்தியரைக் கூட்டிவந்துவிட்டாள்.

கறுப்புத் திரைக்கு முன்னால் காடே வரிசையாக உட்கார்ந்திருந்தது. படமும் இல்லை, சத்தமும் இல்லை. மாசாணம் மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி தூங்கிப்போயிருந்தார். செண்பகவல்லி அம்மா ரொம்ப நேரம் கவனித்துவிட்டு, மூன்று பிரதியிலும் எழுதினார்:

'இப்போதுதான் சரியாக ஓடுகிறது.'

நீதி: எதுவும் திக்காமல் நடக்க வேண்டுமென்றால், எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ளவும்.