மாரி வெளியே வந்த கதையின் மறுபாதி

என் கொழுந்தன் குணா ஒரு பொய்யன். இல்லாததைச் சொல்கிற பொய்யன் அல்ல. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குகிற பொய்யன். அதுதான் இன்னும் மோசம். (இதை அவன் படிப்பான். படிக்கட்டும்.)

கல்யாண வீடோ கருமாதி வீடோ, என்னைப் பார்த்ததும் முயல் கதையை ஆரம்பித்துவிடுவான். முழுசையும் நான் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது பெடாஸ் பக்கம், தோட்டத்து வீட்டில். தம்பின் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அந்த முயலை வாங்கி, பழைய பலகையிலும் கம்பி வலையிலும் கூண்டு அடித்து, மந்தினில் அவன் வீட்டில் இடம் போதாமல் என் தலையில் கட்டியவன் குணாதான். கோயில் திருவிழா அன்று வந்ததால் மாரி என்று பேர் வைத்தேன்.

வந்த நாளிலிருந்து மாரி கூண்டைவிட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்தால் பின்மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். கங்கோங் கீரை காட்டினேன். கேரட் காட்டினேன். வாழைப்பழத்தை உரித்து நீட்டினேன். (என் வீட்டுக்காரருக்குக்கூட நான் பழம் உரித்துக் கொடுத்ததில்லை.) தூக்கி வெளியே விட்டால், பின்னங்காலால் தரையை ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு உள்ளே ஓடிவிடும்.

சிரம்பான் மிருக டாக்டர், "இப்படியே உக்காந்திருந்தா கால்ல புண்ணு வந்துரும். ஓடணும்" என்றார்.

குணா வேறு வைத்தியம் சொன்னான். "அண்ணி, ஞாயித்துக்கிழமைக்குள்ள வெளிய வரலன்னா எங்கிட்டயே குடுத்துருங்க. பிரட்டல் போட்டா நல்லாருக்கும் லா."

"உன்னையப் பிரட்டிருவேன்டா."

"அப்ப பேரச் சொல்லிச் சத்தமா கூப்பிடுங்க. கூப்பிடாம எப்படி வரும்?"

வீட்டுக்காரரும், "அவன் வாங்குனதுதானே" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலையிலேயே குணா கூடையோடு வந்து நின்றான். கூடையைப் பார்த்ததும் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டேன். கூண்டுக் கதவு வழியாகத் தலையையும் ஒரு தோளையும் உள்ளே நுழைத்துக் கத்தினேன். "மாரி! மாரி! மாரி!"

முயல் அசையவில்லை. என் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரொட்டி விற்கிற பாய்.

"என்னம்மா, எத்தன பாக்கெட்டு?"

"போங்க பாய்! மாரி! மாரி!"

"கூப்பிட்டீங்க, வந்துட்டேன். இப்ப போன்னா எப்படி?"

பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா காக் யாத்தி, "டாத்தாங் லா, டாத்தாங்!" என்று, தானும் வருவதாக மலாயில் சொல்லிக்கொண்டே கரண்டியோடு ஓடிவந்தார். புல் வெட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியர்கள் இரண்டு பேர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்கள். அப்போதுதான் குணா சிரிக்க ஆரம்பித்தான்.

"அண்ணி! மலாய்ல மாரின்னா 'வா'. ஊரையே கூப்பிட்டுட்டீங்க!"

நான் இந்த நாட்டில் பிறந்தவள். மலாயில் பேரம் பேசி, மலாயில் சண்டை போட்டு வளர்ந்தவள். எனக்கு அது உறைக்கவே இல்லை. மாரி என்றால் எனக்கு ஆத்தா, அவ்வளவுதான். என் மூளைக்கு அந்தக் கூண்டே தாராளம்.

வெட்கத்தில் பின்னால் நகர்ந்தேன். தோள் வரவில்லை. குணா என் காலைப் பிடித்து இழுத்தான். காக் யாத்தி குணாவை இழுத்தார். கூண்டின் முன்பக்கம் ஆணியோடு பிய்ந்து, மாலை போட்ட மாதிரி என் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தது. (குணாவின் கதை இங்கே முடியும். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.)

இனி அவன் விழுங்கிய பாதி.

சிரித்துச் சிரித்து எல்லாரும் ஓய்ந்துபோனார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அப்போது மாரி ஒரு முன்னங்காலைப் புல்லில் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு என் மடியைத் தாண்டி ஓடியது. செம்பனை நிழல்வரை போய்த் திரும்பி, எங்கள் நடுவில் வந்து, குதித்தது.

குதித்தது என்று எழுதினால் போதாது. வேறு சொல் என்னிடம் இல்லை. அந்தரத்தில் தலை ஒரு பக்கம், பின்னங்கால்கள் மறுபக்கம் முறுக்கிக்கொண்டன. அந்த ஒரு கணம் அதற்கு எடையே இல்லை. மூலையில் கல் மாதிரிக் கிடந்த உடம்புக்குள் இது இத்தனை நாளும் இருந்திருக்கிறது. மறுபடியும் குதித்தது. பாயின் கை ஹாரன்மேலேயே நின்றுவிட்டது. காக் யாத்தி மெதுவாக, "மாஷா அல்லாஹ்" என்றார். கழுத்தில் கம்பி குத்தி ரத்தம் வந்தது எனக்குக் குளிக்கும்போதுதான் தெரிந்தது.

குணா? கையிலிருந்த கூடை விழுந்தது. இரண்டு கையையும் கூப்பி, "மாரியாத்தா" என்றான். கண்ணில் தண்ணீர். வெறுங்கூடையோடு மந்தினுக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு பிரட்டல் என்ற பேச்சே எடுக்கவில்லை.

மாரி இப்போதும் தினமும் ஓடுகிறாள். சொந்தக்காரர்களுக்கு நான் தேவைப்பட்டால், மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து "மாரி! மாரி!" என்று கத்துகிறார்கள். நானும் திரும்பித் தொலைக்கிறேன்.

டேய் குணா, அடுத்த மாதம் தம்பினில் உனக்குக் கல்யாணம். மைக் உன் கைக்கு வரும். இந்தக் கதையைத்தான் சொல்வாய். சொல். என் கழுத்தில் மாட்டியதையும் சொல். ஆனால் மைக்கைக் கீழே வைக்கும் முன், உன் பெண்டாட்டி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்: முயலைக் கும்பிட்டு அழுதது யார்?